பத்துப் பேருக்கு ஏலக்காய் போட்ட துருக்கிக் காபி: ஜெஸ்வேயா, ராக்வேயா?

துபாயில் எங்கள் வீட்டுக்குப் பெருநாள் மாலைகளில் பத்துப் பேருக்குக் குறையாமல் வருவார்கள். அவர்களுக்கு ஏலக்காய் மணக்கும் துருக்கிக் காபிதான், அதாவது நைசாக அரைத்த தூளை வடிகட்டாமல் அப்படியே காய்ச்சுவது. அதற்கென்று ஒரு பாத்திரம் வாங்கப் போனபோது எதிரே இருந்தவை மூன்று: ஜெஸ்வே என்கிற இஸ்தான்புல் பாணிச் சின்னச் செம்புப் பாத்திரம், ராக்வே என்று லெபனான், ஜோர்டான் வீடுகளில் புழங்கும் பெரிய காபிப் பாத்திரம், பிறகு மின்சார மெஷின். நான் வாங்கியது ஒரு லிட்டர் பிடிக்கும் ராக்வே.

ஜெஸ்வேயைக் குறை சொல்ல மனம் வராது. அகன்ற அடியும் குறுகிய கழுத்தும் உள்ள பாத்திரம் என்பதால் நுரை கழுத்தில் திரண்டு கெட்டியாக நிற்கும். நுரைதான் துருக்கிக் காபிக்கு மானம். இரண்டு பேர் என்றால் ஜெஸ்வேதான், மறுபேச்சே இல்லை. ஆனால் செம்பு இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதனால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது.

கூட்டத்துக்குப் போடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் சூடான காபி இருக்க வேண்டும். ஒரு கப்பில் இருப்பதே 60, 65 மில்லி. அது ஆற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நாலு கப் ஜெஸ்வே சின்னத் தீயில் பொங்கி வர நாலைந்து நிமிடம் பிடிக்கும். பத்துப் பேருக்கு மூன்று முறை போட வேண்டும், நடுநடுவே மண்டியைக் கழுவிவிட்டு. கால் மணி நேரம் போய்விடும். முதலில் வாங்கியவர் கப்பைக் கவிழ்த்துவிட்டிருப்பார், கடைசியில் இருப்பவர் இன்னும் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாலு கப்பை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றால், எந்த நுரைக்காக ஜெஸ்வே எடுத்தோமோ அந்த நுரை அமுங்கிவிடும். இரண்டு அடுப்பில் இரண்டு ஜெஸ்வே வைத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் பொங்கும். கண் தப்பினால் அடுப்பெல்லாம் காபி.

ராக்வேயில் ஒரே ஈடுதான். பத்துக் கப்புக்கு 700 மில்லி தண்ணீர், 70 கிராம் காபித்தூள். தூள் விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி இருக்க வேண்டும். எட்டுப் பத்து ஏலக்காயைத் தட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டு, அடுப்பிலிருந்து இறக்கித் தூளைக் கொட்டிக் கலக்குவேன். மறுபடி சின்னத் தீ. விளிம்பில் நுரை மெல்ல உள்நோக்கிச் சுருண்டு எழும்பும், அந்த நொடியில் தூக்கிவிட வேண்டும். நுரையை ஸ்பூனால் எடுத்துக் கப்புக்குக் கொஞ்சமாகப் போட்டுவிட்டு, பாத்திரத்தை இன்னொரு முறை பொங்க வைத்து, இரண்டு நிமிடம் மூடி வைத்தால் மண்டி அடியில் படியும். பிறகு கப்பின் ஓரமாக ஊற்றினால் போட்ட நுரை மேலே மிதந்து வரும். ஜெஸ்வே நுரை அளவுக்குக் கெட்டி வராது, உண்மைதான். ஆனால் மண்டி பெரும்பாலும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். மசாலாவும் எல்லார் கப்பிலும் ஒரே அளவு. மூன்று ஈடாகப் போட்டால் ஒன்றில் ஏலக்காய் தூக்கலாகவும் இன்னொன்றில் இருக்கிற சுவடே தெரியாமலும் போகும்.

பாத்திரத்தின் அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கால் பங்காவது காலியாக இருந்தால்தான் பொங்க இடம் இருக்கும்.

மெஷினை நண்பர் வீட்டில் குடித்த அளவில்தான் எனக்குப் பழக்கம். பொங்குவதற்குள் தானே நின்றுவிடுகிறது, நுரையும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மெஷினிலும் ஒரு தடவைக்கு நாலு கப்தான், அதனால் பழைய கதையேதான். வருடக்கணக்கில் உழைக்குமா என்று சொல்லும் அளவுக்கு நான் புழங்கவில்லை.

துருக்கியிலேயே உர்ஃபா, மார்தின் பக்கம் மிர்ரா என்று ஒன்று உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் குறுக்கிய கசப்புக் காபி, அதிலும் ஏலக்காய் சேர்ப்பார்கள். பெருங்கூட்டத்துக்கு அதுவும் பொருத்தம்தான், ஆனால் மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்க வேண்டும்.

ராக்வேயில் தீராத தொல்லை சர்க்கரை. துருக்கிக் காபிக்குச் சர்க்கரையைக் காய்ச்சும்போதே போட வேண்டும், பிறகு போட்டுக் கலக்கினால் மண்டி கிளம்பிவிடும். எனவே ராக்வேயில் சர்க்கரை இல்லாமல் போட்டு, பக்கத்தில் பேரீச்சம்பழம் வைத்துவிடுவேன். இனிப்பில்லாமல் இறங்காது என்பவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்குச் சின்ன ஜெஸ்வேயில் தனியாக.