டிடிஎஸ்ஸை ஒரு நாள் தள்ளுவதா, ஓடியில் எடுத்துக் கட்டுவதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு நிறுவனங்களில் மாதத்தின் 7ஆம் தேதி மாலை அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் இது. வர வேண்டிய காசோலை வந்திருக்காது. முந்தைய மாதம் பிடித்த டிடிஎஸ்ஸை, அதாவது பிறருக்குப் பணம் கொடுக்கும்போதே கழித்துவைத்த வருமான வரியை, அரசுக்குக் கட்டும் கெடுவோ அன்றோடு முடியும். "நாளைக்குக் கட்டிக்கலாம், ஒரு நாள்தானே" என்பார் முதலாளி. ஓடி (வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடன்) கணக்கிலிருந்து எடுத்து இன்றே கட்டிவிடலாம் என்பார் கணக்கர்.

10 லட்சம் ரூபாய் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதமாக 1 லட்சத்தை ஜூன் 28 அன்று பிடித்ததாகக் கொள்வோம். ஜூலை 8 அன்று கட்டினால், 2026 மார்ச் 31 வரையிலான காலத்துக்குரிய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 201(1ஏ) பிரிவின்படி மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி, பிடித்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமே. வருமான வரித் துறையின் டிரேசஸ் இணையதளம் நாள்காட்டி மாதங்களை எண்ணுவதால் ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று என இரண்டு மாத வட்டி, 3,000 ரூபாய் விழும். அதே தொகையை 12 சதவீத ஓடியில் ஒரு நாளைக்கு எடுத்தால் ஆகும் செலவு 33 ரூபாய்தான்.

வித்தியாசம் இதோடு நிற்பதில்லை. ஓடி வட்டி தொழில் செலவாகக் கழிபடும். தாமத வட்டியோ, சென்னை ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியபடி, வரியின் தன்மையையே பெறுவதால் கழிபடாது. கொல்கத்தா வருமான வரித் தீர்ப்பாயம் நாராயணி இஸ்பாத் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது உண்மை; ஆயினும் சென்னையில் கணக்குக் காட்டுபவருக்கு அது பெரிதாகக் கைகொடுக்காது. ஆண்டுக்கு 18 சதவீதமாகும் இந்தக் கழிபடாத வட்டி, 30 சதவீத வரி கட்டும் கூட்டு நிறுவனத்துக்கு, கழிபடும் கடனில் ஏறத்தாழ 25.7 சதவீத வட்டிக்குச் சமம். ஆக, ஓடி வரம்பு தீர்ந்து வெளியாரிடம் 24 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினாலும் அதுவே மலிவு.

பிடிக்காமலே விட்டால் வட்டி மாதம் 1 சதவீதம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் வருமான அறிக்கைக் கெடுவுக்குள் பிடித்துக் கட்டாவிட்டால், 40(ஏ)(ஐஏ) பிரிவின்படி கட்டணத்தின் 30 சதவீதமான 3 லட்சம் அந்த ஆண்டில் செலவாக ஏற்கப்படாது; 90,000 ரூபாய் வரி கூடும். பின்னர் கட்டும் ஆண்டில் அது கழிபடும் என்பது சிறு ஆறுதல். பிடித்துவிட்டுக் கட்டாதவருக்கும் இதே கதிதான். பிடிக்காதவருக்கு வரிக்குச் சமமான 271சி அபராதமும் வரலாம். பிடித்துத் தாமதமாகக் கட்டியவருக்கு அது பொருந்தாது என 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைத் தண்டனைக்கு வழிவிடும் 276பி பிரிவோ, பிடித்ததைக் கட்டாதவர் மீதுதான் பாயும். 2024 அக்டோபர் 1 முதல், காலாண்டு அறிக்கைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. அதை நம்பி மே 1க்கு நழுவவிட்டால் மார்ச், ஏப்ரல், மே என மூன்று மாதம். 1 லட்சத்துக்கு 4,500 ரூபாய்.