பவுடர் கோட்டிங் என்று சொல்லி ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள்: 3,800 ரூபாய் போயிற்று

இன்று காலை வேலைக்கு நடுவே கீபோர்டின் முன்விளிம்பிலிருந்து மணிக்கட்டை எடுத்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சைப் பெயின்ட் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. அந்தப் பச்சைக்கு நான் கொடுத்தது 3,800 ரூபாய்.

ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய கீபோர்டின் அலுமினியக் கேஸ், அதாவது வெளிக்கூடு அது. வெள்ளி நிற அனோடைஸ் பூச்சோடு (அலுமினியத்தின் மேற்பரப்பிலேயே உருவாக்கும் கடினமான படலம்) வந்தது. எனக்கு ஆலிவ் பச்சை வேண்டும் என்று ஆசை. கோவையில், கார் அலாய் வீல்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். சின்னப் பொருளை எடுப்பார்களா என்ற தயக்கத்தோடுதான் போனேன். உரிமையாளர் சுவரில் சாய்த்திருந்த கறுப்பு வீல் ஒன்றை எடுத்துத் தன் பைக் சாவியால் அழுத்திக் கீறினார். சாவியின் பித்தளைதான் அதில் கோடாகப் படிந்தது. கட்டைவிரலால் துடைத்ததும் அதுவும் போய்விட்டது. "ரோட்டில் ஓடுகிற வீலுக்கே தாங்குகிறது தம்பி, உங்கள் விரலுக்குத் தாங்காதா?" என்றார். அங்கேதான் விழுந்தேன். முழுப் பணத்தையும் அப்போதே அனுப்பிவிட்டேன்.

ஆறு நாள் என்றார், இருபத்து மூன்று நாள் ஆயிற்று. கையில் வாங்கியபோது கண்ணுக்கு அழகாகவே இருந்தது, ஆனால் பெயின்டைக் கரைக்கும் தின்னர் வாசம் அடித்தது. பவுடர் கோட்டிங்கில் தின்னருக்கு வேலையே இல்லை. உலர்ந்த பொடியை மின்னேற்றம் கொடுத்து ஒட்டவைத்து, 180, 200 டிகிரி சூட்டில் உருக்கி எடுப்பது அது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், புதிது என்பதால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருகுத் துளைகளை மூடாமலே அடித்திருந்தார்கள். ஒரு திருகைப் பலவந்தமாக முறுக்கி மரையை நாசம் செய்தது மட்டும் என் குற்றம்.

பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய வெள்ளிப் பூச்சு வாங்கிய அன்று போலவே பளபளக்கிறது. பெயின்ட் பிடிக்க உப்புத்தாள்கூடப் போடவில்லை! நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன், பஞ்சு முழுக்கப் பச்சை. சரியாக வெந்த பவுடர் கோட்டிங் கொஞ்சம் மங்கும், இப்படிக் கரைந்து வழியாது.

போன் செய்தேன். "உங்களுக்குக் கை வியர்வை அதிகம் போலிருக்கிறது" என்றார். மறுமுறை, வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறானாம். மூன்றாவது முறை எடுக்கவில்லை. மதியம் நேரிலேயே போய் நின்றேன். "டைப் அடிக்கிற பலகைக்கா தம்பி இவ்வளவு ரகளை? 1,500 கொடுங்கள், மறுபடி அடித்துத் தருகிறேன்." 3,800 போனது போதாதாம். ரசீதைக் காட்டினேன். அதில் "பெயின்ட் வேலை 3,800" என்றுதான் எழுதியிருந்தது. பவுடர் என்ற சொல்லே இல்லை. பணம் கொடுத்த அன்று அதை நான் படிக்கவே இல்லை.

எந்தப் பூச்சு எத்தனை நாள் உழைக்கும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. அவசரமாக இவ்வளவுதான்: ரசீதில் பூச்சின் பெயரை எழுதச் சொல்லுங்கள். வீலைக் காட்டினால் நம்பாதீர்கள், ஒரு துண்டு அலுமினியத்தில் உங்கள் நிறத்தையே அடித்துத் தரச் சொல்லி, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். பவுடர் தடிமனாக ஏறும், துளைகளையும் மேல்பாகமும் கீழ்பாகமும் பொருந்தும் விளிம்புகளையும் மூடச் சொல்லுங்கள். அலுமினியம் என்றால் அனோடைஸிங் போதும். அது உலோகத்திலேயே உருவாகும் படலம், பெயின்ட் போல உரியாது. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்.

மரை போன அந்த ஒரு துளையைச் சரிசெய்ய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.