சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகப் பறப்பதா, ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிப் போவதா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை இரண்டு விதமாகக் கடக்கிறது.

நேர் விமானம் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். ஃபிராங்ஃபர்ட் வழியில் தூரம் கூடுவது 1,200 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் இரண்டு பறப்பும் காத்திருப்புமாக ஒரு நாளே போய்விடும்.

நேர் விமானம் ஏர்பஸின் ஏ350-900 யு.எல்.ஆர்., அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம். வழக்கமான ஏ350-ஐவிட 24,000 லிட்டர் எரிபொருள் கூடுதலாகக் கொள்ளும். எடையைக் குறைக்க மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸில் 67, பிசினஸுக்கும் எகானமிக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது! பட்ஜெட் பார்ப்பவர்களுக்குக் கதை இங்கேயே முடிந்தது.

இன்னொன்று, வரைபடத்தில் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். விமானம் அதைப் பிடித்துக்கொண்டே போவதில்லை. பசிபிக் மேலே மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று வாலைத் தள்ளினால், கிழக்கே சுற்றிப் போவதே லாபம். அதனால் நேரம் நாளுக்கு நாள் மாறும்.

ஃபிராங்ஃபர்ட்டில் கைப்பையோடு இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, அதே விமானத்தில் ஏற வேண்டும். அரைத்தூக்கத்தில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போடுவது எரிச்சல்தான். ஆனாலும் கால் நீட்டி நடக்கலாம், எகானமி டிக்கெட்டும் உண்டு. முட்டி வலிக்காரனான எனக்கு இதுவே சரி. மறுநாள் காலையே அலுவலகம் என்றால் மட்டும் நேர் விமானம்.