விக்லோவா, ஸ்லீவ் ப்ளூமா? இறக்கத்தை வைத்துச் செய்த முடிவு

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இருப்பவர்களிடம் மலை நடைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் தெற்கே இருக்கும் விக்லோ மலைகள் என்பார்கள். நானும் மூன்று வருடம் அங்கேதான் போனேன். இப்போது லீஷ், ஆஃபலி மாவட்ட எல்லையில் இருக்கும் ஸ்லீவ் ப்ளூம் மலைத்தொடருக்கு மாறிவிட்டேன்.

விக்லோவின் அழகில் குறையே இல்லை. டப்ளினில் பஸ் ஏறினால் க்ளென்டலாக் ஏரிகளுக்கே போய் இறங்கலாம். கார் இல்லாதவர்களுக்கு அதுதான் சரி. ஸ்லீவ் ப்ளூமுக்குக் கார் இல்லாமல் போவது பெரும்பாடு. உயரத்திலும் விக்லோதான்: அங்கே லக்னக்விலா சிகரம் 925 மீட்டர், ஸ்லீவ் ப்ளூமின் ஆர்டெரின் சிகரம் 527 தான்.

என்னை மாற்றியது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கினால் கொஞ்சம் நின்றால் போதும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முட்டியில் விழுகிறது, நின்றாலும் வலி போகாது. க்ளென்டலாக் பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு, அதனால் பக்கச் சரிவுகள் செங்குத்து. ஏரிக்கு மேலே ஸ்பிங்க் முகட்டுக்குப் போகும் பாதையில் நூற்றுக்கணக்கான மரப்படிகள். படி என்றால் காலை எங்கே, எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பதைப் படிதான் தீர்மானிக்கும். ஐம்பதைத் தாண்டிய என் முட்டி அந்தப் படிகளில் இறங்கிவிட்டு இரண்டு நாள் மாடிப்படி ஏற விடாது.

ஸ்லீவ் ப்ளூம் தேய்ந்து உருண்ட பழைய மணற்கல் மலை. ஊசியிலைக் காட்டு வழியும் சரளைப் பாதையும் நீளமாக, மெதுவாக இறங்கும். குறுக்கும் நெடுக்குமாக வளைந்து, அடியைச் சுருக்கி, நம் இஷ்டத்துக்கு வரலாம். நான்கு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறேன். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லாமே சுலபம் என்று சொல்ல மாட்டேன். பாரோ ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. அதன் பள்ளத்தாக்கான க்ளென்பாரோவில் மூன்று அடுக்காக விழும் அருவிக்குப் பக்கத்தில் இங்கேயும் படிகள் உண்டு. ஆனால் கொஞ்ச தூரம்தான். மேலே போனால் ஹெதர் புதரும் பீட் (மட்கிய செடிகள் படிந்த கரி மண்) சதுப்பும். பாதையை விட்டால் கணுக்கால் வரை புதையும், நீர் புகாத பூட்ஸ் அவசியம்.

இன்னொன்று: லக்னக்விலா ஏறியது ஒரே முறை, அதுவும் மேகத்துக்குள். அந்த மலையைப் பற்றி என் தீர்ப்பை நம்ப வேண்டாம். ஸ்லீவ் ப்ளூமுக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் போயிருக்கிறேன். ஜனவரியில் அந்தச் சரளை உறைந்து கிடந்தால் இறக்கம் எப்படி இருக்கும் என்பதை, இந்தக் குளிரில் இரண்டு கைத்தடியோடு போய்ப் பார்க்க வேண்டும்.