திலாப்பியா, கெண்டை, கொடுவா: எந்தக் குஞ்சை விடலாம்?

வெள்ளாமைக்கு விதைநெல் வாங்கும்போது எந்த ரகம், எந்த வயலில் எடுத்தது என்று துருவித் துருவிக் கேட்போம். அதே ஆள் மீன்குஞ்சு வாங்கப் போனால் "திலாப்பியாவா, கெண்டையா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மீன் வளர்க்க இறங்குபவர்களிடம் நான் முதலில் கேட்பது, தாய்மீன் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். ஒரே பெயரில் விற்கிற இரண்டு குஞ்சுகள் வளர்ச்சியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

நம் குளங்களில் பழகிப்போன பழைய திலாப்பியாவை எடுத்துக்கொள்வோம். மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்றாலும், ஆசியாவில் பரவிய மீன்களின் மூலம் யாவா. 1939இல் அங்கே ஓர் ஆற்று முகத்துவாரத்தில் முஜாயிர் என்பவர் பிடித்து வளர்த்த ஐந்தே ஐந்து மீன்களிலிருந்து அது பெருகியதாகச் சொல்வார்கள். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். இவ்வளவு சிறிய குடும்பத்திலிருந்து பெருகிய மீனில், தேர்ந்தெடுத்து வளர்ச்சியைக் கூட்டுவதற்கு வேண்டிய மரபு வேறுபாடு அதிகம் இருக்காது. உள்ளங்கை அளவு வந்ததும் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். தின்கிற தீனி உடம்பில் சேராமல் முட்டையிலும் குஞ்சிலும் போய்விடும். காசு கொடுத்துத் தீவனம் போடுபவருக்கு இது கட்டாது. ஆனால் உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் இதை அடிக்க முடியாது, கடல்நீரிலேயே வாழும். வலை போட்டுப் பிடித்துத் தின்பதற்கு நல்ல மீன், அவ்வளவுதான்.

கிப்ட் (GIFT, 'மரபுவழி மேம்படுத்திய பண்ணைத் திலாப்பியா' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) திலாப்பியாவின் கதை நேர்மாறு. அது நைல் திலாப்பியா. 1988இல் பிலிப்பைன்ஸில் வேலை தொடங்கியபோது எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாலு நாட்டுக் காட்டு மீன்களையும், ஏற்கெனவே ஆசியப் பண்ணைகளில் இருந்த நாலு வகைகளையும் ஒன்றுசேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து, குடும்பம் குடும்பமாகக் குறித்துவைத்து, தலைமுறைக்குத் தலைமுறை நன்றாக வளர்ந்ததை மட்டும் தாய்தந்தையாக எடுத்தார்கள். தலைமுறைக்கு 12 முதல் 17 சதவீதம் வரை வளர்ச்சி கூடியது. பெயரில் 'மரபு' என்று வருவதால் சிலர் மரபணு மாற்றிய மீன் என்று பயப்படுகிறார்கள். வெளி மரபணு எதையும் இதற்குள் புகுத்தவில்லை. நல்ல கிடாயைப் பார்த்து ஆட்டுக்கு விடுகிற அதே வேலைதான், கணக்கு வைத்துச் செய்தது. நன்னீர்க் குளமும் தீவனத்துக்குக் காசும் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். கோடையில் உப்பேறும் வாவிக்கரைக் குளத்துக்கு வேண்டாம், வளர்ச்சி படுத்துவிடும்.

ஆனால் 'கிப்ட்' என்று பொதியில் சொல்லி வருவதெல்லாம் கிப்ட் ஆகிவிடாது. இரண்டு திலாப்பியாவும் ஒரே நீரில் கிடந்தால் கலந்துவிடும், கலப்பும் குஞ்சு பொரிக்கும். ஒரு மீனை எடுத்து வால் செட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நைல் திலாப்பியாவுக்கு வாலில் மேலிருந்து கீழாக ஒழுங்கான கோடுகள் தெரியும். மொசாம்பிக்குக்கு அப்படி இருக்காது. இனப்பெருக்கக் காலத்தில் மொசாம்பிக் ஆண் கறுத்து, தொண்டைப் பக்கம் வெளுத்து நிற்கும். கோடு உடைந்து உடைந்து, பாதி இருந்தும் பாதி இல்லாமலும் கிடந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது முடிந்த முடிவு அல்ல, ஆனால் குஞ்சு வாங்கும் இடத்துத் தாய்மீனில் இதைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவேன்.

அசல் கிப்ட் வாங்கியவரும் அடுத்த வருடம் "நம்ம குளத்திலேயே பொரிக்க வைப்போம்" என்று இறங்குவார். இரண்டு ஆணும் இருபது பெண்ணும் விட்டால் குஞ்சுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாக் குஞ்சுக்கும் பாதி மரபு அந்த இரண்டு ஆணிடமிருந்துதான். கணக்குப் போட்டால் அந்த 22 மீனும் மரபளவில் ஏழு மீனுக்குத்தான் சமம்; ஒரு தலைமுறையிலேயே 7 சதவீத உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து இனம் நலிவது, ஏறிவிடும். 25 ஆண், 25 பெண் என்று வைத்து எல்லாமே குஞ்சு கொடுத்தால் அது 1 சதவீதம். நாலைந்து வருடத்தில் "இந்த மீன் முந்தி மாதிரி வளருதில்லை" என்று தீவனத்தைத் திட்டுகிறோம்.

'மோனோசெக்ஸ்' என்று விற்பது தனி இனம் இல்லை. முதல் மூன்று நாலு வாரம் ஹோர்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கியது. குளத்தில் குஞ்சு பெருகாது, அது பெரிய லாபம்தான். மட்டமான தாய்மீனின் குஞ்சை ஆணாக்கினாலும் அது மட்டமான ஆண்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கோடையில் வற்றும் சிறுகுளங்களுக்கு என் ஓட்டு கட்லா, ரோகு, மிரிகால் கெண்டைகளுக்கே. மேல்நீர், நடுநீர், அடிநீர் என்று மூன்றும் வேறு வேறு தட்டில் மேயும். தீவனம் பெரிதாக வேண்டாம். தேங்கிய நீரில் இவை தாமாகப் பொரிப்பதில்லை. ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைப்பார்கள். அதனால் ஒவ்வொரு மாரிக்கும் புதுக்குஞ்சு வாங்கியாக வேண்டும். செலவுதான், ஆனால் குளத்துக்குள்ளேயே இனம் கெடாது. கெடுவதானால் பொரிப்பகத்தில்தான் கெடும்: கட்லா முட்டையில் ரோகு விந்து பட்டால் கலப்பு பிறந்துவிடும். ரோகுவிலும் தேர்ந்த வகை உண்டு. புவனேஸ்வரில் பல ஆற்று மீன்களைச் சேர்த்து உருவாக்கிய ஜெயந்தி ரோகு 1997இல் வெளிவந்தது. நம் பக்கத்தில் கெண்டைக்கு எதிரி முள்தான். வாவி மீன் தின்று பழகிய நாக்குக்கு அது லேசில் பிடிக்காது.

கடைசியாகக் கொடுவா. விலை நல்லது, உப்பும் நன்னீரும் இரண்டும் தாங்கும். ஒன்றையொன்று தின்னும் என்பதால் அளவு பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆணாகத் தொடங்கி வயது போனபின் பெண்ணாக மாறும் மீன் இது. அதனால் பொரிப்பகத்தில் பெரிய பெண்மீன் சிலதான் கிடைக்கும், குஞ்செல்லாம் ஒரு சில தாயின் பிள்ளைகளாகவே போய்விடும். இன்னொன்று: 2012இல் ரொஹான் பெத்தியகொடவும் அந்தனி கில்லும் இலங்கை மேற்குக் கரைக் கொடுவாவையே லேட்ஸ் லக்டிவா என்று தனி இனமாக விவரித்தார்கள். அப்படியிருக்க, தென்கிழக்காசியக் குஞ்சும் நம் வாவிக் கொடுவாவும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. கரையில் மூடிய தொட்டி என்றால் எங்கிருந்து வந்த குஞ்சானாலும் சரி. வாவிக்குள் கூடு போட்டு வளர்ப்பதானால் உள்ளூர்த் தாய்மீனின் குஞ்சை மட்டும் விடுங்கள். மாரி வெள்ளத்தில் கூடு கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் முகத்துவாரம் வரை போகும்.