60 அடி பார்ட்டிஷன்: பிரேம் வேலைக்கு முழு மார்க், பட்டி வேலைக்கு இல்லை

கோவை கணபதியில் எங்கள் ஜாப் ஆர்டர் பட்டறை. கிரைண்டிங் தூசி சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும்) மெஷின் பக்கம் வராமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. நீளம் 60 அடி, உயரம் 11 அடி. ஹாலோ பிளாக் என்றால் தரையை உடைக்க வேண்டும், மெஷினை நிறுத்த வேண்டும். சரி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பிரேமில் சிமென்ட் போர்டு என்று முடிவு செய்து ஒரு சிறிய குழுவிடம் கொடுத்தோம். ஜிப்சம் போர்டு விலை குறைவுதான், ஆனால் மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் தெறிக்கிற இடத்தில் ஊறிப்போகும்.

பிரேம் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்துவிட்டது. தரையில் நூல் அடித்து, லேசர் வைத்து மேலே ஏற்றினார்கள். 2 அடிக்கு ஒரு ஸ்டட், அதாவது பிரேமில் நிற்கும் செங்குத்துச் சட்டம். போர்டு 4 அடி அகலம் என்பதால் இரண்டு போர்டு சேரும் இடம் ஸ்டட்டின் நடுவில்தான் விழ வேண்டும். ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட் என்று அளக்காமல், சுவரோரத்தில் டேப்பைப் பிடித்து மொத்த நீளத்துக்கும் ஒரே பூஜ்யத்திலிருந்து குறித்துக்கொண்டே போனார் மேஸ்திரி. ஏன் என்று கேட்டேன். "ஒவ்வொண்ணா அளந்தா கடைசில ஒரு இன்ச் எங்கயோ போயிருமுங்க" என்றார். டிராயிங்கில் ஒரே டேட்டத்திலிருந்து, அதாவது ஒரே தொடக்க இடத்திலிருந்து, டைமென்ஷன் போடச் சொல்லி நான் பையன்களிடம் கத்துவதும் இதற்காகத்தான்!

எங்கள் தரை தண்ணீர் வடியும் சாக்கடை பக்கம் சரிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு ஸ்டட்டையும் தனித்தனியே அளந்து வெட்டினார்கள். 11 அடி உயரத்துக்கு 50 எம்எம் ஸ்டட் ஆடும் என்று 70 எம்எம் போட்டார்கள். ஸ்டட்டின் தலை உட்காரும் மேல் சேனலை, கூரை ஷீட்டைத் தாங்கும் பர்லினில் கட்டவில்லை. பில்லருக்குப் பில்லர் பாக்ஸ் பைப் வெல்டிங் செய்து அதில் அடித்தார்கள். ஸ்டட்டின் தலையில் அரை இன்ச் இடைவெளி, அங்கே ஸ்குரூவும் இல்லை. ஆடி மாதக் காற்றில் ஷெட் கூரை அசையும்போது சுவர் அந்த அசைவை வாங்கக் கூடாது என்பதுதான் கணக்கு. போர்டும் தரையைத் தொடாமல் 10 எம்எம் மேலே நிற்கிறது. தரை கழுவினால் ஈரம் ஏறாது.

கரண்ட் பேனல் போர்டு, ஏர் லைன் மாட்டும் இடங்களை முன்பே காட்டியதால் உள்ளே 18 எம்எம் பிளைவுட் வைத்து மூடினார்கள். இதைப் போர்டு அடித்த பிறகு கேட்டால் நடக்காது.

குறை இரண்டு. ஜாயின்ட்டில் ஃபைபர் டேப் ஒட்டாமல் வெறும் பட்டி பூசிவிட்டுப் போனார்கள். கம்ப்ரஸர் பக்கம் இப்போதே மயிர்க்கோடாக விரிசல் தெரிகிறது. போன் போட்டால் "பெயின்ட் அடிச்சா மறைஞ்சிரும்" என்கிறார்கள், மறையாது. அடுத்தது பில். டிராலி போகிற 8 அடி வாசலையும் சேர்த்துச் சதுர அடி போட்டிருந்தார்கள். வாசலைச் சுற்றி டபுள் ஸ்டட், மேலே லின்டல் என்று வேலை கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். அதை ரேட் பேசும்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா?

5-க்கு 4 கொடுப்பேன். மாடியில் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கும் பிரேமும் போர்டும் இவர்களிடமே கொடுக்கப் போகிறேன். வாசல் மாதிரி ஓப்பனிங்குக்குச் சதுர அடியில் எவ்வளவு கழிப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஜாயின்ட் வேலையை மட்டும் எங்கள் பெயின்டரிடம் விட்டுவிடுவேன்.