எக்கோவைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்

போன மாதம் ஈப்போவில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் மின்விசிறிக்கு மோட்டார் தேடப் போன இடத்தில் 12 மலேசிய வெள்ளிக்கு ஒரு சிடி கண்ணில் பட்டது. ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் பாடியது, ‘எனிவேர் ஐ லே மை ஹெட்’, 2008இல் வந்தது. ஏதோ படப்பாட்டுத் தொகுப்பு என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் டாம் வெயிட்ஸ் பாட்டுகள். அந்த மனுசன் பாட்டை இந்தப் பெண் ஏன் எடுத்தார் என்ற ஆவலிலேயே வாங்கிவிட்டேன். மோட்டார் கிடைக்கவில்லை. என் பழைய புரோட்டோன் வீரா காரில் இன்னும் சிடி ஓடும், அதனால் செம்மோர் வழியாகப் பழைய சாலையில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்புவதற்குள் பாதிக்கு மேல் கேட்டாகிவிட்டது. பிடித்திருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெளிவாக இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

வெயிட்ஸைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1949இல் பிறந்த கலிபோர்னியாக்காரர், 1970களிலிருந்து பாட்டு எழுதிப் பாடுகிறவர். பிற்காலப் பாட்டுகள் பலவற்றை மனைவி கேத்லீன் பிரென்னனும் சேர்ந்து எழுதியிருக்கிறார். குரல் எப்படி இருக்கும் என்றால், இரவெல்லாம் கள்ளுக்கடையில் இருந்துவிட்டு விடியற்காலை ரப்பர் தோட்டத்துப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும் மண்டோர் (மேற்பார்வையாள்) திடீரென்று பாட ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ அப்படி. குடிகாரன், கப்பல்காரன், ஊரை விட்டுப் போனவன், செத்தும் பேசுகிறவன், இவர்கள்தான் அவருடைய ஆட்கள். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இவர்களில் யாரும் அந்நியம் இல்லை.

நடிகர் பாடுவது நமக்கு ஒன்றும் புதுசில்லை. பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் காலத்தில் பாடத் தெரியாவிட்டால் நடிக்கவே வர முடியாது, சந்திரபாபு தன் பாட்டைத் தானே பாடினார். ஆனால் இன்னொருவர் எழுதி, அவரே பாடி, அவர் குரலோடு ஒட்டிப்போன பாட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நடிகை தன் முதல் ஆல்பத்தைப் போடுவது வேறு விஷயம், அதற்குத் துணிச்சல் வேண்டும். இதற்கு முன் 2006இல் நடிகர்கள் பாடிய ஒரு தொகுப்பில் ஒரே ஒரு பாட்டு பாடியிருக்கிறார். 2003இல் வந்த, டோக்கியோவில் நடக்கும் படம் ஒன்றில் கரோக்கே அறையில் மைக் பிடித்திருக்கிறார். அவ்வளவுதான் அனுபவம். பாட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மற்றவர்கள் பாடிப் பாடித் தேய்த்த பாட்டுகள் பக்கம் அவர் போகவில்லை. ‘டவுன்டவுன் ட்ரெயின்’ இருந்திருந்தால் அதை ராட் ஸ்டூவர்ட் பாடிக் கேட்டவர்கள் பத்துப் பேராவது வாங்கியிருப்பார்கள், அதுகூட இதில் இல்லை. 1976இல் வந்த ஒரு பாட்டு, மற்றவை 1980களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. மொத்தம் பதினொன்றில் பத்து வெயிட்ஸுடையது.

இனி என் குறை. தயாரிப்பாளர் டேவிட் சிட்டெக், ‘டிவி ஆன் தி ரேடியோ’ என்ற அமெரிக்க ராக் குழுவைச் சேர்ந்தவர். லூசியானா மாநிலத்தில் மோரிஸ் என்ற ஊரில் உள்ள டாக்சைட் ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்கன், சாக்ஸபோன், மணி, கிட்டார், டிரம் மெஷின் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றின் மேலும் எக்கோவைக் கவிழ்த்து, அதற்கு அடியில் எங்கோ ஜோஹான்சனை நிற்க வைத்திருக்கிறார். காலை ஆறு மணிக்குத் தோட்டத்துப் பனியில் பத்தடிக்கு அப்பால் நடந்து வருகிறவர் யாரென்று தெரியாது, சைக்கிள் சத்தம் மட்டும் கேட்கும், அந்த மாதிரி. முதல் பாட்டு ‘ஃபான்’ வெறும் வாத்தியம்தான். பாடகியின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டில் பாடகியே இல்லை என்றால் என்ன சொல்வது!

எங்கள் கோயில் திருவிழாவுக்கு ரேடியோ செட் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், கல்யாண வீட்டு கரோக்கேயும் அவர்தான். அவரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

“தம்பி, யாரு பாடுறாங்கன்னு தெரியல, ஆனா மிக்ஸர்ல உக்காந்திருக்கிறவன் பயந்துட்டான்.”

“ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?”

“நம்ம ஆளுங்க மேடை ஏறிச் சுருதி விட்டா நான் என்ன செய்வேன்? எக்கோவை ஏத்துவேன். பாடுறவங்களுக்கும் மானம் போகாது, கேக்கிறவங்களுக்கும் காது வலிக்காது. இந்தப் பொண்ணு ஒண்ணும் மோசமாப் பாடலியே, இதுக்கு எதுக்கு இவ்வளவு?”

இதே கேள்விதான் எனக்கும். அவர் குரல் கனமான, கீழ்ச்சுருதிக் குரல். மேலே ஏறச் சொன்னால் தடுமாறும், பேசுகிற உயரத்தில் விட்டால் நன்றாகவே இருக்கும். வெயிட்ஸ் பாட்டுகளில் பாதி பேசுகிற மாதிரிதானே இருக்கின்றன.

‘டவுன் வித் நோ சியர்’ பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன். வெயிட்ஸ் இதை 1983இல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் எல்லையோரம் சர்வீஸ்டன் என்று ஒரு ரயில் ஊர், அங்கே ஸ்டேஷனில் இருந்த மதுக்கடையை மூடிவிட்டார்கள், இதுதான் விஷயம். வெயில், தூசி, தாகம், குடிக்க ஒன்றும் இல்லை. மூலப்பாட்டு ஸ்காட்லாந்துக் குழலோடு சாவு வீடு போல ஆரம்பிக்கும். இப்போது எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் பெயர் சரித்திரப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16ஆம் தேதிக்காக. அன்று இங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. யாராவது எங்கள் ஊருக்குப் பாட்டு எழுதினால் அதைத்தான் எழுதுவார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடை மூடினதை எவனும் எழுத மாட்டான். ஆனால் என் தாத்தாவைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். பால்மரத்தை அழித்துச் செம்பனை வைத்தார்கள், லயத்தில் இருந்த சனம் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்கும் வீடமைப்புப் பகுதிக்கும் போய்ச் சேர்ந்தது, ஆள் இல்லாத இடத்தில் கள்ளு யாருக்கு ஊற்றுவது, ஒரு நாள் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கடையால் அழிந்த குடும்பங்களும் உண்டு, எங்கள் பாட்டி அது மூடிய அன்று சூடம் கொளுத்தினார் என்று அப்பா சொல்வார். இருந்தாலும் சாயங்காலம் ஆட்கள் உட்கார்ந்து பேச அதற்குப் பிறகு வேறு இடம் இல்லை. வெயிட்ஸ் பாட்டில் இருப்பது அந்தச் சாயங்காலம்தான். ஜோஹான்சன் அதை அழாமல், சலிப்பாக, யாரோ சொன்ன சேதியைத் திருப்பிச் சொல்வது போலப் பாடுகிறார். குடித்தவனின் புலம்பலைக் குடிக்காத ஒரு பெண் சொன்னால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இங்கே எக்கோகூடப் பொருந்திப் போகிறது, ஆள் இல்லாத ஸ்டேஷனில் எதைப் பேசினாலும் எதிரொலிக்கும்தானே.

‘ஃபாலிங் டவுன்’, ‘ஃபேனின் ஸ்ட்ரீட்’ இரண்டிலும் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி பின்குரல் பாடியிருக்கிறார். 2016 ஜனவரியில் அவர் காலமான பிறகு இவற்றைக் கேட்பதே ஒரு மாதிரி இருக்கிறது. ‘ஃபேனின் ஸ்ட்ரீட்’, ஹூஸ்டன் நகரத்தில் ஒரு தெரு, அங்கே போகாதே என்று ஒருவர் எச்சரிக்கிற பாட்டு. போய்க் கெட்டவன்தான் அப்படிச் சொல்ல முடியும். ஜோஹான்சனும் போவியும் சேர்ந்து பாடும்போது எச்சரிக்கை போய்த் தாலாட்டு வந்துவிடுகிறது. கேட்க இனிமை, சந்தேகமில்லை, ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு முறை போய்ப் பார்க்கலாமே என்று தோன்றிவிடுகிறது! ‘ஃபாலிங் டவுன்’ பரவாயில்லை, அதில் போவி தள்ளி நின்று தாங்குகிறார்.

ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டில்தான் எனக்கு ஏமாற்றம். மூலத்தில் (1985) வெயிட்ஸ் தொண்டை கிழியக் கத்துவார், எங்கே தலை சாய்த்தாலும் அது என் வீடு என்று. கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் சாவு ஊர்வல பாணியில் ஊதுகுழல்கள் ஆட்டமாகப் புறப்படும். நம் சாவு மேளம் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் சூடு பிடிக்குமே, அதே கணக்கு. இங்கே கத்தலும் இல்லை, ஊர்வலமும் இல்லை, டிரம் மெஷின் டிக் டிக் என்று போய்க்கொண்டிருக்கிறது. வீடு இல்லாதவன் பாட்டை ஹோட்டல் அறையில் இருந்து பாடியது போல இருக்கிறது. ‘ஐ டோன்ட் வான்ட் டு க்ரோ அப்’ பாட்டையும் நடனப் பாட்டாக மாற்றியிருக்கிறார்கள். காரில் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகளுக்கு அது ரொம்பப் பிடித்தது, ஆறு வயது. எனக்கு ராமோன்ஸ் குழு 1995இல் பாடியதே போதும்.

‘க்ரீன் கிராஸ்’ பற்றி நியாயமாக எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. புதைக்கப்பட்டவர் மண்ணுக்கு அடியில் இருந்து, உயிரோடு இருப்பவரைப் பார்த்து, என் மேல் வந்து படுத்துக்கொள் என்று சொல்கிற பாட்டு. 2004இல் வெயிட்ஸ் பாடியபோது அது கொஞ்சம் பயமாகவும் இருக்கும். எங்கள் தாத்தாவைத் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் புதைத்தார்கள். இப்போது அந்த மேட்டில் செம்பனை நிற்கிறது, எந்த நிரை என்று அப்பாவுக்கே தடுமாறும், தீபாவளிக்கு முன்னால் போனால் உத்தேசமாக ஓர் இடத்தில் பூப் போட்டுவிட்டு வருவோம். ஜோஹான்சன் குரலில் பயம் போய், கூப்பிடுகிற பிரியம் மட்டும் நிற்கிறது. இரவு பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் கேட்டேன். விமர்சனம் எழுதுகிறவன் இதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாதுதான். சேர்த்துவிட்டேன்.

அப்புறம் ‘ஐ விஷ் ஐ வாஸ் இன் நியூ ஆர்லியன்ஸ்’. ஆல்பத்தில் இருக்கும் அந்த 1976ஆம் வருஷத்துப் பாட்டு இதுதான். சாவி கொடுத்தால் கிணுகிணுக்கும் பொம்மைப் பெட்டிச் சத்தம், அதோடு அவர் குரல், அவ்வளவுதான். சிட்டெக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கடவுள் அவருக்கு நல்லது செய்யட்டும். இங்கேதான் ஜோஹான்சன் மூச்சு வாங்குவதும் வார்த்தையின் கடைசியை விழுங்குவதும் காதில் விழுகிறது, பக்கத்து நாற்காலியில் இருப்பது போல. மொத்த ஆல்பத்தையும் இப்படிச் செய்திருந்தால் நான் அதை 12 வெள்ளிக்கு எடுத்திருக்கவே முடியாது, யாரும் விற்றிருக்க மாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக: ‘சாங் ஃபார் ஜோ’ அவரும் சிட்டெக்கும் எழுதிய ஒரே சொந்தப் பாட்டு, நடுவில் வந்து போகிறது, வெயிட்ஸ் வரிகளுக்கு நடுவே வைத்ததுதான் அதற்குச் செய்த அநியாயம். ‘நோ ஒன் நோஸ் ஐம் கான்’ அழகு, ஆனால் தூக்கம் வரும். கடைசிப் பாட்டு ‘ஹூ ஆர் யூ’ மூலத்தில் கசந்துபோன காதலனின் கேள்வி, இங்கே கசப்பு எல்லாம் எக்கோவில் கரைந்துவிட்டது.

வெளிவந்தபோது அமெரிக்காவில் பில்போர்ட் 200 ஆல்பப் பட்டியலில் 126ஆம் இடத்துக்கு மேல் போகவில்லை, அதே சமயம் இங்கிலாந்தின் என்எம்இ இசைப் பத்திரிகை அந்த வருஷத்தின் நல்ல ஆல்பங்களில் 23ஆவதாக வைத்தது. இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. வெயிட்ஸைத் தெரிந்தவர் முதலில் ‘நியூ ஆர்லியன்ஸ்’, ‘க்ரீன் கிராஸ்’, ‘டவுன் வித் நோ சியர்’ மூன்றையும் கேளுங்கள், பிடித்தால் ‘ஃபாலிங் டவுன்’. தெரியாதவர் முதலில் வெயிட்ஸிடம் போங்கள், 1985ஆம் வருஷத்து ‘ரெய்ன் டாக்ஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம், இதற்குப் பிறகு வரலாம். பகலில் கேட்காதீர்கள், வெயிலில் இந்த ஆல்பம் நிற்காது. மழை நாளில், செம்பனைக்கு நடுவே போகும் சாலையில், வைப்பர் ஓடும்போது நன்றாக இருக்கிறது.

சிடி இப்போது என்னிடம் இல்லை. செட்டுக்கார அண்ணன் அந்தப் பொம்மைப் பெட்டிப் பாட்டை மட்டும் இன்னொரு தரம் கேட்கணும் என்று வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் ஆகிறது. நேற்று கடைத்தெருவில் பார்த்தபோது, “கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி” என்றார்.